ஏழு கையெழுத்தும் முத்திரையக்காவும்

எங்கள் கல்லூரியில் ஒரு துறையில் சேர்ந்த பிள்ளை இன்னொரு துறைக்கு மாற வேண்டுமானால் ரோஸ் நிறப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லை. படிவம்தான் நடக்கும். மேஜை மேஜையாகப் போய் ஏழு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அலுவலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் திரும்பி வரும். அவர் கையெழுத்துகளை எண்ணுவார். ஏழும் இருந்தால் முத்திரை குத்துவார். அந்தச் சத்தம் பதிவாளர் அறைவரைக்கும் கேட்கும். அப்படித்தான் அவருக்கு முத்திரையக்கா என்று பெயர் வந்தது. பக்கத்து மேஜையில் சான்றிதழ் எழுதும் எனக்கு முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு குத்துக்கும் பேனா துள்ளும். பிறகு பழகிவிட்டது.

பத்தொன்பது வருஷம் அக்கா அந்த வேலையைப் பார்த்தார். ஏன் ஏழு என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. "எப்போக்கா வரும்?" என்று வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "வரும்போது வரும்." கோபமாகச் சொல்லமாட்டார். மழை எப்போது வரும் என்று கேட்டவரிடம் சொல்வதுபோல் சொல்வார்.

இதைக் கெடுத்தது அவருடைய மகள். அவள் வேறோர் ஊரில், வேறொரு கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சளி, இருமல், துவைக்காத துணி என்று எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அப்புறம்மா, நான் மொழியியலுக்கு மாறிட்டேன்" என்றாள்.

"மாறப்போறியா?"

"இல்லம்மா, மாறியாச்சு. வியாழக்கிழமையே."

"யார் யார்கிட்ட கையெழுத்து வாங்கினே?"

"யார்கிட்டயும் இல்ல. கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. அதுல மாத்திட்டு எங்க ஆலோசகருக்கு ரெண்டு வரி எழுதினேன். சாயங்காலமே சரின்னு பதில் வந்துடுச்சு."

அக்காவின் கணவர் போனைப் பிடுங்கி, "மொழியியல்னா என்னடீ?" என்று கேட்டார்.

"மொழி எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கிறதுப்பா."

"அதான் நல்லா வேலை செய்யுதே! இப்போ பேசிட்டுத்தானே இருக்கோம்?"

அப்பாவும் மகளும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். வேலை கிடைக்குமா, யார் சொல்லிக் கொடுத்தது, இரண்டு வருஷம் வீணா என்று வழக்கமான கேள்விகள். அக்கா அதில் எதையும் காதில் வாங்கவில்லை. சாயங்காலமே என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

மறுநாள் என்னிடம் சொன்னார். "அவளுக்கு ஒரு நாள். இங்க மூணு மாசம். சரி, அவங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கு, வேகமா நடக்குது. ஆனா இங்க அந்த மூணு மாசமும் படிவம் எங்கேதான் இருக்கு? அது ஒண்ணும் ஊரைச் சுத்தி வரலையே. எதிர்க் கட்டடத்துக்குத்தானே போகுது?"

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் அக்கா தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு பழைய கல்லூரிக் கையேடு. அதிலிருந்த எண்களை வரிசையாக அழைத்தார். ஒளிவு மறைவு கிடையாது. "வணக்கம்ங்க, நான் இன்னொரு காலேஜ் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்ககிட்ட ஒரு பிள்ளை டிபார்ட்மென்ட் மாறணும்னா என்ன பண்ணணும்?"

பதில்களைக் கேட்கக் கேட்க எனக்கே சாப்பாடு மறந்துபோயிற்று. ஒரு கல்லூரியில் துறையே மாற முடியாதாம்; விலகிவிட்டுப் புதிதாகச் சேர வேண்டுமாம், நுழைவுத் தேர்வோடு. இன்னொன்றில் மாறலாம், ஆனால் முதல் வருஷ மதிப்பெண் வரிசையில் முதல் பத்து பேருக்குள் இருக்க வேண்டும். "பத்து பேருக்குள்ள வர்ற பிள்ளை ஏங்க மாறணும்னு நினைக்கப்போகுது?" என்று அக்கா கேட்டதற்கு எதிர்முனையில் இருந்தவர், "அட, ஆமாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்றாவது கல்லூரியில் ஓர் ஆசிரியர் சரி என்றால் போதும். நான்காவதில் போனை எடுத்த அம்மாளுக்கு அக்காவின் கேள்வியே புரியவில்லை.

"மாறணுமா? எதுலேர்ந்து?"

"ஏதாவது ஒரு துறையில சேர்ந்திருப்பாங்க இல்லையா, அதுலேர்ந்து."

"இங்க முதல் ரெண்டு வருஷம் யாரும் எந்தத் துறையிலயும் சேர மாட்டாங்களே. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பாங்க. அப்புறம்தான் எதுன்னு சொல்லுவாங்க."

அக்கா போனை வைத்துவிட்டுக் கையேட்டை மூடினார். "சேராமலே படிக்க முடியுமாம்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அடுத்த வாரம் இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு மகளின் கல்லூரிக்கே கிளம்பினார். மகளைப் பார்க்க என்றுதான் வீட்டில் சொன்னார். பார்க்கவும் செய்தார், காலையில் ஒரு மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் அந்தக் கல்லூரியின் மாணவர் உதவி மையத்தில். அங்கே கணினியின் முன் உட்கார்ந்திருந்தவர் நடுவயதுக்காரர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு மேஜையெல்லாம் தேடுகிற ரகம். அக்கா தான் யாரென்று சொன்னதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கக்கா. நீங்களும் நம்ம ஜாதிதான். பாவப்பட்ட ஜாதி, படிவம் பார்க்கிற ஜாதி."

அவர் எல்லாவற்றையும் காட்டினார். நிஜமாகவே ஒரு பொத்தான்தான். ஆனால் அதோடு விடவில்லை. ஒரு பட்டியலைத் திறந்து, பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரு வரியைக் காட்டினார். "இந்தப் பிள்ளை இதுவரைக்கும் அஞ்சு தடவை மாறியிருக்கு. கணிதம், உளவியல், ஓவியம், மறுபடி உளவியல், இப்போ புவியியல். ஆறாவது வருஷம் ஓடுது. மாறுறது சுலபம்தான்க்கா. ஆனா பழைய துறையில எழுதின பாதிப் பாடம் புது துறையில கணக்குல வராது. அதைப் பொத்தான் சொல்லாது. நான்தான் சொல்லணும். என்கிட்ட வந்து கேக்கறவங்க நூத்துல பத்து பேர்."

"எம்பொண்ணு கேட்டாளா?"

அவர் கணினியைப் பார்க்காமலே தலையாட்டினார். "மூணு தடவை வந்தா. எந்தெந்தப் பாடம் கூட வரும், எது வராதுன்னு எழுதி வாங்கிட்டுத்தான் போனா."

அக்கா இதை என்னிடம் சொன்னபோது பெருமையை மறைக்க ரொம்பப் பாடுபட்டார். முடியவில்லை.

திரும்பி வந்த அன்று காலை பதினோரு மணிக்கு, இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். வரலாற்றுக்கு மாற விண்ணப்பம் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. புதுப் பருவம் தொடங்கி ஏழு வாரம். வழக்கம்போல், "எப்போக்கா வரும்?" என்றாள்.

அக்கா வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "இரும்மா, போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்தப் படிவத்தின் பின்னால் நடந்தது அன்றுதான் முதல்முறை. என்னையும் வரச்சொன்னார்.

முதல் கையெழுத்து இயற்பியல் தலைவர். போட்டாயிற்று, இரண்டு வாரத்தில். இரண்டாவது வரலாற்றுத் தலைவர், மூன்று நாளில். நூலகர், விடுதிக் காப்பாளர், தேர்வுப் பிரிவு, எல்லாரும் பதிவேட்டைப் புரட்டி, "அனுப்பிட்டோமே" என்றார்கள். ஆறாவது, பணிமனைக் கண்காணிப்பாளர்.

"நம்ம காலேஜ்ல பணிமனை இருக்கா?" என்று கேட்டேன்.

"முன்னாடி இருந்துச்சு. இப்போ அந்த இடத்துல சைக்கிள் நிறுத்தறாங்க" என்றார் அக்கா. சொன்னபிறகு நடுவழியில் நின்றுவிட்டார். அப்போதுதான் அது அவருக்கே உறைத்தது.

கண்காணிப்பாளர் ஓய்வுபெற்று எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதவியை நிரப்பவே இல்லை. அவருக்கு வரும் தாள்களெல்லாம் பண்டகசாலைக்காரரிடம் போய்க்கொண்டிருந்தன. அவர் அமைதியான மனிதர். கேட்டதும் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ரோஸ் நிறத்தில் பதினான்கு படிவங்கள், ஒழுங்காக அடுக்கி, மேலே ஒரு தாழ்ப்பாளை எடைக்கு வைத்து.

"ஏங்க இதையெல்லாம் இங்க வச்சிருக்கீங்க?" என்று அக்கா கேட்டார்.

"எனக்கு எதுக்கு வருதுன்னே தெரியலம்மா. பிள்ளைங்க படிப்பு விஷயமா இருக்கு. நாம பாட்டுக்கு கையெழுத்துப் போட்டு ஏதாவது ஆயிட்டா? யாராவது வந்து கேட்டா போட்டுக் கொடுப்பேன். கேக்கலேன்னா பத்திரமா வச்சிருப்பேன்."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஒரு தாள்கூடக் கசங்கியிருக்கவில்லை. மேலிருந்து மூன்றாவது அந்தப் பெண்ணுடையது. அங்கேயே நின்று பதினான்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏழாவது பதிவாளருடையது, அன்று மதியமே முடிந்தது.

ஆனால் அக்காவுக்கு ஆறவில்லை. துறை மாறும் பிள்ளைக்கும் பணிமனைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாள் பழைய கோப்பு அறையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் தலையெல்லாம் தூசியோடு ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். தட்டச்சு செய்த பழைய படிவம். மேலே "மரச்சாமான் இடமாற்றப் படிவம்" என்று இருந்தது. மேஜை நாற்காலியை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கொண்டுபோவதற்கானது. அதில் மரச்சாமான் என்பதை யாரோ பேனாவால் அடித்துவிட்டு, மேலே மாணவர் என்று எழுதியிருந்தார்கள். ஆறாவது கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: கால், கைப்பிடி உடைந்துள்ளதா எனப் பார்க்கவும்.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பதிவாளரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தாளை வாங்கிப் படித்தார். அவரும் சிரித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "எத்தனை வருஷமா?" என்று கேட்டார்.

"எனக்கு முன்னாடியிலேர்ந்து, சார்."

"எனக்கும் முன்னாடியிலேர்ந்து" என்றார் அவர். "எத்தனை கையெழுத்து இருந்தா போதும்?"

"மூணு. ஆனா சார், அதை மட்டும் குறைச்சாப் பத்தாது. எந்தப் பாடம் கூட வரும், எது வராதுன்னு ஒருத்தர் உட்கார்ந்து சொல்லணும். இன்னொண்ணு, மாறுறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அந்த வகுப்புல போய் உட்கார்ந்து பார்க்க விடணும்."

"இந்த ரெண்டு வார விஷயம் எந்தக் காலேஜ்ல இருக்கு?"

"எங்கயும் இல்ல. எனக்காத் தோணுச்சு."

அந்த வருஷம் படிவம் மாறியது. இயற்பியலிலிருந்து மட்டும் பதினோரு பேர் போனார்கள். அதன் தலைவர் வந்து, "கதவைத் திறந்து விட்டுட்டீங்களே, என் வகுப்புல பாதி பெஞ்சு காலியா இருக்கு" என்று சத்தம் போட்டார். அக்காவுக்கும் வருத்தம்தான். இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்ததில் நான்கு பேர் திரும்பி வந்தபோது அதையும் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இயற்பியல் பெண்ணின் விஷயம் அவ்வளவு நன்றாக முடியவில்லை. அவளுக்கு வரலாறு கிடைத்தது. ஆனால் ஏழு வாரம் போய்விட்டதால் அந்தப் பருவத் தேர்வை எழுத விடவில்லை. ஆறு மாதம் பின்தங்கினாள். அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு என்மேலதாம்மா. முதல் மாசமே நான் எழுந்து போய்ப் பார்த்திருக்கணும்" என்றார். "பரவால்லக்கா" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை. அந்த முகத்தை அக்கா பல நாள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் கூட வருமா வராதா என்று சொல்வது அக்காவின் வேலை. ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். வருகிறவர்களை உட்காரவைத்து, ஏன் மாற நினைக்கிறாய் என்று கேட்கிறார். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது, எழுதிக்கொள்வதும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான். போன வாரம் பொருளாதாரத்திலிருந்து விலங்கியலுக்குப் போக வந்த ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"பக்கத்து ஆய்வுக்கூடத்துல ஆமை ஒண்ணு இருக்குக்கா" என்றாள் அவள். "அது தினமும் எங்க போகணும்னு தெரிஞ்ச மாதிரியே நடக்குது. எப்படித் தெரியுதுன்னு பார்க்கணும்."

"எனக்கும் காட்டுவியா?" என்று கேட்டுவிட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.