சீட்டை நம்பாத வெண்மதி

அரிசிக் கடையில் சாக்கின் வாயை விரித்து, முழங்கை மறையும் வரை கையை விட்டு, அடியில் கிடக்கிற அரிசியை ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறாள் வெண்மதி. வாங்கப்போவதென்னவோ இரண்டு கிலோ.

"இன்னாம்மா, நம்ம கடை மேல நம்பிக்கை இல்லியா?" என்கிறார் கடைக்காரர்.

"நிறையா இருக்குதுண்ணா. ஆனா மேலாக்க எல்லாருமே நல்ல அரிசியத்தான் வெக்கிறாங்க."

அவர் சிரித்துவிடுகிறார். இந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொண்டு ஜெயித்தவர் செஞ்சிக் கடைத்தெருவில் யாருமில்லை.

வயது இருபத்தைந்து. ஒல்லி. சும்மா நடந்தாலும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நடைதான். அப்பா கோவிந்தசாமி நெல் விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறார். கல்லூரி விடுமுறைகளில் வெண்மதியும் அங்கே ஒரு வியாபாரியிடம் வேலை பார்த்தாள். அனந்தபுரம், பனமலைப் பக்கமிருந்து வரும் மூட்டைகளில் விவசாயியின் பெயரைச் சீட்டில் எழுதிச் செருகுகிற வேலை. ஒருநாள் நெரிசலில் இரண்டு பேருடைய சீட்டுகள் இடம் மாறிவிட்டன. மாற்றியவள் சாட்சாத் இவளேதான். ஏலத்தில் வியாபாரிகள் விலை கேட்கத் தொடங்கிய பிறகு ஏதோ சந்தேகத்தில் சாக்குக்குள் கையை விட்டவள், "நிறுத்துங்க, இது பனமலையார் நெல்லு இல்ல!" என்று கூடம் அதிரக் கத்தினாள். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். நெல் உரியவர் பெயருக்குப் போனது. அன்றிலிருந்து மேலே எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் அவள் எதையும் நம்புவதில்லை.

எம்.எஸ்சி. முடித்து, நாலு முறை விண்ணப்பித்து, இந்த ஜூனில் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். புற்றுநோயாளியின் கட்டியிலுள்ள மரபணுவை அவருடைய இரத்தத்திலுள்ள மரபணுவோடு கணினியில் ஒப்பிட்டு, கட்டியில் புதிதாக எது கெட்டிருக்கிறது என்று தேடுகிற இடம். மூன்று மாதம் பார்ப்போம், பிடித்தால் வைத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கோவிந்தசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. "எம்பொண்ணு கேன்சருக்குக் கம்ப்யூட்டர்ல வைத்தியம் பாக்குது" என்று ஊரெல்லாம் சொன்னார். "வைத்தியம் இல்ல நைனா, ஆராய்ச்சி" என்று ஞாயிறுதோறும் ஊருக்கு வரும்போது அவள் திருத்துவாள். தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை டீக்கடையில் மறுபடி அவளை வைத்தியம் பார்க்க வைத்துவிடுவார்.

மூன்றாம் மாதம் நாற்பது நோயாளிகளின் தரவு அவள் கைக்கு வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும். ஒப்பிடும் நிரலை ஓட்டி, வெள்ளிக்கிழமை தலைவர் சுமலதாவிடம் முடிவைத் தர வேண்டும். யாரும் சொல்லாமலே வெண்மதி முதலில் வேறொன்றைப் பார்த்தாள். ஒவ்வோர் எண்ணிலும் இரத்தமும் கட்டியும் ஒரே ஆளுடையவைதானா? பிறவியிலேயே வந்த மரபணுக் குறிகள் இரண்டிலும் பொருந்த வேண்டும். பதினேழிலும் பதினெட்டிலும் பொருந்தவில்லை; ஒன்றின் இரத்தம் மற்றதன் கட்டியோடு பொருந்தியது. அந்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டியவர் பிரசாந்த். ஆறு வருட அனுபவம் உள்ள சீனியர்.

வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"சீனியர் தப்பு பண்ணிட்டாருன்னு சொன்னா உன்ன வெச்சிக்குவாங்களா? இன்னும் ரெண்டு வாரம்தான். வாயத் தொறக்காம இரும்மா" என்றார் கோவிந்தசாமி.

"அந்த ரெண்டு நம்பரும் ரெண்டு மனுசங்க நைனா."

"அப்ப சொல்லிடு" என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றாள். "மேடம், பதினேழோட ரத்தம் பதினெட்டுல இருக்குது."

பிரசாந்துக்கு முகம் சிவந்தது. "நான் சரியாத்தான் ஒட்டினேன். வந்து மூணு மாசம் ஆகல, நீ எனக்குச் சொல்றியா?"

"நானும் மாத்தி ஒட்டியிருக்கேன் சார். எங்க ஊர்ல, நெல்லு மூட்டையில."

அறையில் பலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சுமலதாவும் சிரிக்கவில்லை. உறைபெட்டியில் மீதமிருந்த மாதிரிகளை எடுத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். முடிவு வரப் பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் வெண்மதிக்குச் சோறு பாதிதான் இறங்கியது. வேலை போய்விட்டால் நைனா டீக்கடையில் என்ன சொல்வார் என்பதே நினைப்பு. கடைசியில் சீட்டு மாறியிருந்தது உறுதியானது, அவள் வேலையும் உறுதியானது. செஞ்சிக்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம், தப்பே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒரு பெட்டி நிறையப் புதிய குப்பிகள் வந்தன. பிரசாந்த் ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டி, பதிவேட்டில் தன் பெயரை எழுதினார். பிறகு ஸ்கேலை எடுத்து, தன் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து, அந்தக் கட்டத்தின் தலையில் 'சரிபார்த்தவர்' என்று எழுதினார். பதிவேட்டை வெண்மதியின் பக்கம் திருப்பிவைத்து, பேனாவை நீட்டினார்.