ரொட்டி மாவில் எடுத்த கைப்பிடி

பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர்களுக்குச் சுடுவதில் அக்கறையில்லை. அது கையில் எப்படிக் குந்துகிறது என்பதில்தான் உயிர். அந்தக் கைகளைத் திருப்திப்படுத்தி வாழ்ந்தவள் நான். ஜெர்மனியில் எசன் நகரத்தில், முதலாளி கிளாவுஸின் பட்டறையில், காலையில் மட்டும், வால்நட் மரத்தில் புதுப் பிடி செதுக்குவது என் வேலை. வைத்த கறிக்கு உப்புக் குறை கேட்டே வயதுபோன சகோதரிகளே, உங்களுக்கு இது விளங்கும். டொச்சு மொழியில் கேட்டதை எங்கட தமிழில் தருகிறேன்.

எறியாதே

கன்னியர் மடத்தில் படித்தவளுக்குக் குப்பை கண்ணில் படக்கூடாது. வேலைக்குப் போன புதிதில், கழற்றிய பழைய பிடி ஒன்றை, வெடித்துக் கறுத்துக் கிடந்ததை, வாளிக்குள் போடப் போனேன். கிளாவுஸ் பாய்ந்து பிடுங்கினார். சேகரிப்பவர்களின் சட்டமாம்: புதுசு எவ்வளவு வடிவென்றாலும், விற்கும்போது பழசைத்தான் திரும்பப் பூட்டவேண்டும். வீட்டில் வந்து சொன்னேன். என் மனிசன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நல்ல சட்டம். அப்ப நானும் தப்பினன்."

இரண்டு கை

ஃபோகல் ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி. தகப்பனுடைய துப்பாக்கியை அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்தார். வாதத்தில் விரல்கள் வீங்கி, அதை ஒரு கையால் தூக்க முடியாமல் போய்விட்டது. "அப்பா பிடிச்ச மாதிரி ஒரு கையால பிடிக்கவேணும். வேற ஒண்டும் கேக்கேல்லை" என்றார். கூட வந்த மனைவி இங்க்ரிட், கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தபடி சொன்னார்:

"பின்னேரம் முழுக்க ரெண்டு கையாலயும் அதைத்தான் பொத்திக்கொண்டிருக்கிறார். என்ர கைக்கு இடமில்லை."

உப்பு

கை அச்செடுக்கிற களிமண் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. புதுசு வரும்வரை காத்திருக்க எனக்கேது பொறுமை? வீட்டிலிருந்து ரொட்டி மாவைக் குழைத்துக் கொண்டுபோய், ஒரு கட்டையைச் சுற்றி அப்பி, "அமத்துங்கோ" என்றேன். ஃபோகல் அமத்தினார். மிச்ச மாவைச் சுட்டுக் கிளாவுஸுக்குக் கொடுத்தேன்.

விரல் பதிந்த பள்ளங்களைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். முதலில் கட்டைவிரல் இடித்தது. பிறகு சின்னவிரல் வழுக்கியது. வாய்க்குள் திட்டிக்கொண்டே திரும்பவும் சீவினேன். கடைசியில் ஒருநாள் ஃபோகல் ஒற்றைக் கையால் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். இறக்க மனமில்லை. "சரியோ பிழையோ, சொல்லுங்கோ. அடுப்பில வேலை கிடக்கு" என்றேன். பதில் கிளாவுஸிடமிருந்துதான் வந்தது.

"கை சரி. மாவுக்குத்தான் உப்புக் காணாது."

மற்றக் கை

அடுத்த குளிருக்குள் ஃபோகலுக்குப் படி ஏற ஏலாமல் போய், முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை, விற்றாகவேண்டும். வாங்கினவர் பழைய பிடிதான் வேண்டுமென்றார். கிளாவுஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை எடுத்துப் பூட்டினார். நான் செதுக்கிய பிடியின் இரண்டு பாதியையும் ஒரு கட்டையில் ஒட்டி இங்க்ரிட்டிடம் கொடுத்தேன். பிறகொருநாள் அவரைச் சந்தையில், உருளைக்கிழங்குக் கடையடியில் கண்டேன். மனிசன் எப்படி என்று கேட்டேன்.

"பின்னேரம் முழுக்க உங்கட மரத்தைத்தான் பிடிச்சுக்கொண்டிருக்கிறார். ஒரு கையால. மற்றக் கை சும்மாதானே, அதை நான் எடுத்துக்கொண்டன்."

மணிக்கட்டு நோவில் அந்த வேலையை விட்டு வருசங்களாகியும், ரொட்டிக்கு மா குழைத்தால் ஒருதரம் கையால் அமத்திப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத்தான் தட்டுகிறேன். உப்பு மட்டும் என் மனிசனுக்கு இன்னும் காணாதாம்.