கொசுப் புகை மிஷின் வீட்டுக்கு வந்த நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தோட்டத்தையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மலையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கினார்கள். கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் கொசு விட்டுவிடுமா என்ன? அவர்கள் புலம்பல் தாங்காமல் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு புகை மிஷின் வாங்கிவந்தார். தோளில் மாட்டிக்கொள்கிற மிஷின், முன்னால் நீளமாக ஒரு குழாய். பெட்ரோலில் ஓடும். கிளப்புவதற்குக் கைப்பம்பில் காற்று அடித்து, பேட்டரிப் பொத்தானை அழுத்த வேண்டும். டீசலில் கலந்த மருந்து, சூடேறிய குழாயில் சொட்டி வெள்ளைப் புகையாக வெளியே வரும். அது போடுகிற சத்தத்தில் தெருவே அதிரும்.

புகை அடிப்பது பெரிய வேலையில்லை. சுத்தம் செய்வதுதான் உயிரை எடுக்கும். அடித்து முடித்ததும் மருந்தை மூடிவிட்டு வெறும் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச மருந்து குழாய்க்குள் கருகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கம்பி பிரஷ்ஷை விட்டுச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினால்தான் கரி உதிரும். பெட்ரோல் வருகிற பித்தளை ஜெட்டில் ஒரு துளை இருக்கும், தலைமுடி நுழைகிற அளவு. அதில் தூசி போனால் மிஷின் கிளம்பாது. சைக்கிள் பிரேக் ஒயரில் ஒற்றை இழையைப் பிரித்து அதைக் குத்தி எடுப்பேன். என் முகத்தைக்கூட நான் அவ்வளவு அக்கறையாகக் கழுவியதில்லை.

கெஸ்ட் ஹவுஸ் மதிலுக்குப் பின்பக்கம்தான் எங்கள் வரிசை வீடுகள். இந்தப் பக்கம் நான் புகை அடித்தால், சாகாத கொசுவெல்லாம் மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். “உங்க மொதலாளி வூட்டு விருந்தாளிங்க வந்துட்டாங்கப்பா” என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்வாள். சம்பளம் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே நான் கொசு ஓட்டிக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த ஐப்பசியில் என் மனைவி ஐந்து மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவையும் குளிர் ஜுரம் வந்து இரண்டு முறை ஆளை உருட்டிப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவ இந்த ஜுரம் வந்துதுனா கொழந்த தங்காதுப்பா. கொசு கடிக்காம பாத்துக்க” என்றார். கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்தான், சரியான ஆள்.

முதலாளியிடம் போய் நின்றேன். ஒரே ஒரு சாயங்காலம் மிஷினை எங்கள் தெருவுக்குக் கொடுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. “எடுத்துனு போ. தீபத்துக்கு ஜனம் வர்ற நேரம், மறுநாளே கொண்டாந்து வெச்சிடு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது. வாசலில் கோணியை விரித்து, ஒரு திருகு விடாமல் கழற்றி, பெட்ரோலில் கழுவிப் பரப்பிவைத்தேன். கெஸ்ட் ஹவுஸுக்குச் செய்ததைவிட இரண்டு மடங்கு கவனமாகச் செய்தேன். அப்புறம் பெட்ரோலும் டீசலும் வாங்க டவுனுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது வெயில் இறங்கிவிட்டது. என் மனைவி வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள். ஜுரம் விட்ட உடம்பு, முகத்தில் ரத்தமே இல்லை. “பாத்தீங்களா, உங்க மிஷினு எப்டி மின்னுதுனு!” கார்த்திகைக்கு எடுத்துவைத்திருந்த விளக்குகளைத் தேய்த்தவள், அந்தக் கையோடு மிஷினின் பித்தளைச் சாமான்களையும் புளி போட்டு, செங்கல் பொடி போட்டுத் தேய்த்துவைத்திருந்தாள். அந்த ஜெட் மூக்குத்தி மாதிரி மின்னியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் நானே குத்திச் சுத்தம் செய்த துளைதானே என்று அப்படியே மாட்டினேன்.

தெருவே தயாராக இருந்தது. சோற்றுப் பானைகளை மூடிவைத்துவிட்டு, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். காற்று அடித்துப் பொத்தானை அழுத்தினேன். புட், புட். அவ்வளவுதான். மறுபடி அழுத்தினேன். தீப்பொறி தருகிற பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பம்பின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். கை காய்த்து எரிந்தது. “வெள்ளக்காரனுக்குத்தான் ஓடும்போல, நம்மளுக்கு எங்க ஓடப்போவுது” என்று ஒருவர் சொல்ல, சிரித்துக்கொண்டே எல்லோரும் உள்ளே போனார்கள். பேட்டரி தீர்ந்துபோனது. கொசு ரீங்காரம் ஆரம்பித்துவிட்டது.

“இன்னாங்க ஆச்சு?” என்றாள் என் மனைவி.

“பெட்ரோல்ல மண்ணெண்ண கலந்துட்டானுங்கபோல” என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் கெஸ்ட் ஹவுஸ் ஷெட்டில் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளைக்குள் சிவப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. பிரேக் ஒயர் இழையால் குத்தினேன். செங்கல் பொடியும் புளி நாரும் சேர்ந்து ஒரு பொட்டுச் சேறாக என் நகத்தில் விழுந்தது. கடுகைவிடச் சின்னது. அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

முதலாளியிடம் மறுபடி கேட்டேன். “வெளிய போனா ரிப்பேராயி வருதுப்பா, ஒரு தடவ குடுத்தாச்சு இல்ல” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் தோட்டத்தில் புது பேட்டரி போட்டதும் மிஷின் ஒரே அழுத்தில் கிளம்பியது. புகை மதில்வரை போய் ஏறியது. நான் வீட்டுக்கு வந்தபோது உள்ளே கொசு மொய்த்துக்கொண்டிருந்தது. அவள் வேப்பிலையைக் கொளுத்திப் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே கிழிந்த கொசுவலையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் கேட்டுது. நல்லா ஓடுச்சா?” என்றாள். “நான் தேச்ச தேப்புக்கு ஓடாம பூடுமா!”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜுரம் கார்த்திகை முடிவதற்குள் வந்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். இருந்த போர்வைகளையெல்லாம் போர்த்தி, மேலே நானும் படுத்து அழுத்தினேன், நடுக்கம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தும் பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை என்றார்கள். நான் பார்க்கவில்லை, பார்க்கத் தெம்பில்லை.

பிறகு வார்டில் அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு மட்டும் மிஷினு ஓடியிருந்தா, இல்லீங்க?”

நான் அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

“பெட்ரோல்ல கலந்தான் பாருங்க, அவன் கை வெளங்காம போவ. எம் புள்ளைய கொன்ன கை, புழுத்துப் போவ!”

நான் சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். “வாணாம்மே, அப்டி சொல்லாத” என்றேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, “ஏன் சொல்லக்கூடாது?” என்று கேட்டாள்.