பாலக்கோட்டு மரமில்லில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே

பாலக்கோட்டுக்கு ஊரே தக்காளி வாங்கப் போகும். நாங்கள் போன மாதம் ஒரு மரமில்லைப் பார்க்கப் போனோம். என் தங்கை கணவர் செல்வம் ஆத்தூரில் மில் வைத்திருக்கிறார். வேலை தாமதமாகிறதென்று வட்ட ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றிப் பரணில் போட்டவர். அங்கே ஒருவருக்கு விரல்நுனி போனது. அதன் பிறகும் மூடி பரணில்தான். அடுத்து யார் கையோ என்று தங்கைக்குத் தூக்கமில்லை. மூடி போட்டே அறுக்கும் மில் ஒன்றைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவள் நச்சரித்துத்தான் இந்தப் பயணம்.

சேலத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தருமபுரியில் இறங்கும்போது ஒன்பது. அங்கிருந்து பாலக்கோடு இருபத்தைந்து கிலோமீட்டர் வரும். மூடி போட்டு அறுத்தால் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான் என்று செல்வம் மச்சான் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

மில் முதலாளி லூர்துமேரி எங்களைத் தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே மாதப்பன் என்பவர் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். ரம்பத்துக்கு மூடி இருந்தது. பலகையின் கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ளாமல் ஒரு கட்டையால் தள்ளினார். ரம்பம் இழுத்துவிடும் என்பதால் கோயில் கயிறு, ஜெபமாலை, மோதிரம் எல்லாம் வாசல் ஆணியில் தொங்கின. சாமி கோபித்துக்கொள்ளாதா என்று மச்சான் சீண்டினார்.

"ஆணியில இருந்தும் சாமி பார்க்குமுங்க" என்றார் லூர்துமேரி.

அப்போது மாதப்பனின் தங்கை மூச்சிரைக்க ஓடிவந்தாள். அண்ணிக்குப் பிரசவ வலி, ஆம்புலன்சில் ஏற்றியாயிற்று என்றாள். நான் மாதப்பனைக் கூப்பிட வாயெடுத்தேன். லூர்துமேரி என் தோளைப் பிடித்தார்.

"ரம்பம் ஓடறப்ப யாரையும் பேர் சொல்லிக் கூப்புடக் கூடாதுங்க. தலை திரும்புனா கையும் திரும்பும்."

மாதப்பனின் கண்ணெதிரே இருந்த சிவப்பு விளக்கைப் போட்டார். மாதப்பன் கையிலிருந்த பலகையை அறுத்து முடித்து சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகும் ரம்பம் சுற்றியது. அவர் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள். ரம்பத்தின் பற்கள் தனித்தனியாகத் தெரிந்து, அசையாமல் நின்ற பிறகுதான் "அண்ணா" என்றாள். அருவி, கோட்டை என்று எவ்வளவோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஷூ அவசியம். துப்பட்டா, தொளதொள சட்டை வேண்டாம். பேச வேண்டுமானால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்.

வெளியே வந்ததும் மச்சான் தன் மில்லில் ரம்பம் ஓட்டுபவருக்கு ஃபோன் போட்டார். அவர் எடுத்துவிட்டார். பின்னால் ரம்பம் இரைந்தது. மச்சான் சட்டென்று துண்டித்தார். உடனே என் தங்கைக்குப் போட்டார்.

"மில்லுக்குப் போயி மெயினை அணை. ரம்பம் நிக்கற வரைக்கும் அவரைக் கூப்புடாத. நான் வந்து மூடி மாட்டறேன்."