ஒட்டாத பசையும் செல்வி வீட்டுத் தோரணமும்

ஒட்டவில்லை. நான் விற்ற பசை செல்வி வீட்டில் ஒன்றையும் ஒட்டவில்லை.

பசை விற்பது ஒரு விசித்திரமான பிழைப்பு. ஒட்டினால் வாங்கியவர் கைத்திறமை. ஒட்டாவிட்டால் கடைக்காரன் திருடன்.

காவலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. மேலே பெரிய டெலஸ்கோப் வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள். கீழே நான் ஆணி, கயிறு, பெயிண்ட், பசை வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நட்சத்திரம் அடிக்கடி தெரிகிறது. எனக்கு பஸ் எப்போதாவது.

என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். உங்கள் வீட்டிலும் ஒரு செல்போன் இருக்கும். அதில் ஒரு பெண் கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டு, “வேண்டாத பொருளில் வீட்டு அலங்காரம், ஐந்தே நிமிடம், செலவே இல்லை” என்பாள். ஐந்து நிமிடம் அவளுக்கு. மிச்சமெல்லாம் நமக்கு.

செல்வி பக்கத்துத் தெரு கோவிந்தனின் மகள். என்னைப் பெரிப்பா என்பாள். தை மாதத்தில் திருப்பத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மனசுக்குப் பிடிக்கிறவரை பெண் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பிடித்துவிட்டால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பேர். கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது. நனைக்காமல் பஸ் ஏறினால் அதுவும் முடிந்ததுதான்.

பையனுக்குச் செல்வியைப் பிடித்திருந்தது. செல்விக்கும் பையனை. பயமெல்லாம் பையனின் அம்மா பச்சையம்மாவிடம். புருஷன் போனபின் புளி மண்டியில் மூட்டை தைத்துப் பிள்ளையை வளர்த்தவள். ஏற்கெனவே ஒரு பெண் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பியவள் என்று பேச்சு.

கோவிந்தன் வீடோ நான்கு வெறும் சுவர். புளி இன்னும் மரத்தில். அது இறங்கினால்தான் அவன் கையில் ஏதாவது புரளும். எனவே செல்வி செலவில்லாத அலங்காரத்தில் இறங்கினாள். அதாவது என் கடையில் இறங்கினாள்.

சாமை மயில்

முதலில் மயில். அட்டையில் வெள்ளைப் பசையைத் தடவி, சாமையால் உடம்பு, தினையால் கழுத்து, கேழ்வரகால் தோகை. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். காயட்டும் என்று வாசலில் சாய்த்து வைத்திருக்கிறாள். தைப் பனியில் துணியே காயாது. பசையா காயும்?

கோழி வந்தது. கழுத்தில் ஆரம்பித்துத் தோகைவரை தின்றது. பிறகு குளிருக்கு அடுப்போரம் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சூட்டில் பசை காய்ந்துவிட்டது. மொத்தக் கதையிலும் என் பசை உருப்படியாக ஒட்டியது அந்த ஒரு இடத்தில்தான். கோவிந்தன் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

“மயிலு போனா போவுது அண்ணே. இது வாயத் தொறக்க மாட்டேங்குது. இதுக்கு இன்னா வெச்சிருக்க?”

பந்து விளக்கு

வெந்நீர் வைத்து அலகைத் திறந்தோம். கோழி பிழைத்தது. செல்வி அடுத்த வீடியோவுக்குப் போனாள்.

பலூனை ஊதி, பசையில் நனைத்த நூலை அதன்மேல் சுற்ற வேண்டும். காய்ந்ததும் பலூனை உடைத்தால் நூல் மட்டும் உருண்டையாக நிற்கும். உள்ளே பல்பு போட்டால் சுவரெல்லாம் கோலம். வீடியோவில் அப்படித்தான் நின்றது. நானும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எனக்கே ஆசை வந்துவிட்டது. நூல்கண்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பலூனை உடைக்கும்போது என்னையும் கூப்பிட்டார்கள். டப் என்றது. நூல் உருண்டை ஒரு பெருமூச்சு விட்டுத் தட்டில் படுத்துவிட்டது. அவிந்த சேமியா மாதிரி இருந்தது. கோவிந்தன் குனிந்து மோந்துகூடப் பார்த்தான். “வீடியோல சொன்ன மாதிரிதானே செஞ்ச?” என்று கேட்டேன். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்டியேதான் செஞ்சேன் பெரிப்பா. ஆனா அந்த அக்கா வூட்ல வெயிலு அடிக்குது.”

பாட்டில் வரிசை

காய வேண்டிய வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தாள். நல்ல முடிவு. காலி பாட்டிலுக்குச் சணல் சுற்றி, முடிச்சுப் போட்டு, காட்டுப் பூ சொருகினால் பூச்சாடி. பாட்டிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. டீக்கடைக்குப் பின்னால் போனால் கோணிப்பை நிறையக் கிடைக்கும். அள்ளிக்கொண்டு வந்து வாசல் சுவர்மேல் வரிசையாக வைத்துவிட்டாள். சணல் பாதியில் தீர்ந்துவிட்டது. பாதி பாட்டில் உடுத்திக்கொண்டு நின்றது. பாதி அம்மணம்.

வாணியம்பாடி கரீம் பாய் என் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிறவர். திருப்பத்தூர் மண்டிக்கும் போய்வருவதால் பச்சையம்மாவைத் தெரியும். இந்தச் சம்பந்தத்தைச் சொன்னவரே அவர்தான். வண்டியை நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். கோவிந்தனைப் பார்த்தார். கோவிந்தன் சொட்டுக்கூடத் தொடாதவன். ஆனால் சுவர் வேறு மாதிரி சொன்னது. பாய் என் காதோரம் குனிந்தார்.

“முதலாளி, பொண்ணுக்கு அப்பன் காலையிலயே ஆரம்பிச்சிடுவான்னு நான் அந்தம்மாகிட்ட சொல்லலியே!”

என் வீட்டுச் சுவர்

பாட்டில்கள் அன்றே டீக்கடைக்குப் பின்னால் திரும்பிப் போயின. அந்த வாரத்தில் என் வீட்டிலும் ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரி பழைய வளையல் துண்டும் கண்ணாடிச் சில்லும் வைத்து சமையலறைச் சுவரில் பூ ஒட்டினாள். நம் கடைப் பசைதான். நான் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு இதழ் பிய்ந்து நேராக என் கொள்ளு ரசத்தில் விழுந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் கரண்டியை நிறுத்தவே இல்லை.

“உங்க கட பசையும் உங்கள மாதிரிதான். மொதல்ல வெறப்பா நிக்கும், கொஞ்ச நேரத்துல தொங்கிடும்.”

தோல் தோரணம்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த வயதில் வரக் கூடாது. வந்துவிட்டது.

கரீம் பாயிடம் சொல்லித் தோல் தொழிற்சாலைகளில் கழிக்கும் மெல்லிய துண்டுகள் ஒரு பை வரவழைத்தேன். செல்வி அதை மாவிலை மாவிலையாக வெட்டினாள். பச்சை பெயிண்ட் அடித்தாள். செருப்புக்குப் போடும் மஞ்சள் பசையை நானே எடுத்துக்கொண்டு போனேன். இதை இரண்டு பக்கமும் தடவி, காய விட்டு, பிறகு அழுத்த வேண்டும். இந்த முறை அடுப்போரம் காய வைத்தோம். கோழியிடம் கற்ற பாடம். தேங்காய் நார்க் கயிற்றில் இலைகளை ஒட்டி வாசற்படிக்கு மேலே கட்டினோம். அசல் மாவிலைத் தோரணம் தோற்றது. அடுப்போரம் காய்ந்தது பனியில் தொங்கப் போகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

செல்வி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மயிலும் விளக்கும் பாட்டிலும் போய், வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான். “இதுவாச்சும் நிக்குமா பெரிப்பா? அந்தம்மா உள்ள வந்தாதானே மத்ததெல்லாம்?” என்றாள். நான் ஏணியில் இருந்தபடியே வாக்குக் கொடுத்தேன். ஏணியில் இருந்துகொண்டு வாக்குக் கொடுக்காதீர்கள். கோவிந்தன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நீ சொல்றத வுடு. கோழிய அவுத்து வுடலாமா, கூடாதா?”

கோணி ஊசி

வந்துவிட்டார்கள். பையன், அவன் மாமன், கரீம் பாய், நடுவில் பச்சையம்மா. கோவிந்தன் பெண்சாதி வரகுச் சோறும் மொச்சைக் குழம்பும் சமைத்து மூடி வைத்திருந்தாள். வாசல்வரை மணத்தது. பச்சையம்மா செருப்பைக் கழற்றினாள். நாங்கள் மூச்சு விட்டோம். வாசற்படியில் கால் வைத்தாள். இரவெல்லாம் பனியில் தொங்கிய தோரணத்தில் ஒரு இலை பிய்ந்து அவள் கொண்டையில் விழுந்தது. பிறகு தோளில் ஒன்று. பிறகு கணக்கே இல்லை. இலை உதிரும் மரத்தடியில் நிற்பது போல நின்றாள். பையன் கண்ணை மூடிக்கொண்டான். மாமன் சிரிப்பை விழுங்கி இருமினான். மேலே வெறும் கயிறு ஆடியது.

கொண்டையில் விழுந்ததை எடுத்துப் பார்த்தாள். வளைத்தாள். மோந்தாள். “தோலா? யார் வெட்டனது?”

செல்வி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி.

“ஒரே அளவா வெட்டிருக்கியே. ஒட்டனது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோவிந்தன் ஓரடி தள்ளி நின்றுகொண்டான். பச்சையம்மா என்னை மேலும் கீழும் அளந்தாள். “பெரியவரே, கோணி ஊசி இருக்குதா?” என்றாள்.

இருந்தது. என் கடையில், பசை அடுக்குக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் கேட்டதில்லை. நானும் காட்டியதில்லை. ஓடினேன். நான் ஓடி எங்கள் ஊர் பார்த்ததில்லை. டீக்கடையில் எழுந்து நின்றார்கள்.

திரும்பி வந்தபோது அவள் வாசற்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலிலிருந்து அவிழ்த்து வைத்திருந்த சணலைக் கோத்தாள். ஒரு குத்து, ஒரு இழுப்பு. ஒரு குத்து, ஒரு இழுப்பு. செல்வி எதிரே உட்கார்ந்து இலை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டாள். பச்சையம்மா அதைத் திருப்பித் தைத்தாள். உள்ளே வருவாளா, இப்படியே எழுந்து போய்விடுவாளா, ஒன்றும் தெரியவில்லை. கோவிந்தன் பெண்சாதி கதவிடுக்கில் நின்று முந்தானையைக் கடித்தாள். பாதித் தோரணம் முடிந்தது. பச்சையம்மா ஊசியைக் கயிற்றில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னாடி பாத்துக்கினு இருக்க? எல போட்டு சோத்த வைக்கச் சொல்லு உங்கம்மாகிட்ட. மிச்சத்த துன்னுட்டு தைக்கலாம்.”

கடை நிறையப் பசை வைத்துக்கொண்டு ஊருக்கே வாக்குக் கொடுத்தவன் நான். ஆனால் அந்த வாசலில் ஒட்ட வேண்டியதையெல்லாம் கடைசியில் ஒட்டிவைத்தவள் திருப்பத்தூர் பச்சையம்மா.