அறிவித்தலுக்கு ஒரு முகம்

கல்யாண வீட்டில் படம் எடுப்பவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் பனங்காணிக்குள் ஓடவிட்டு, மேலே ட்ரோனைப் பறக்கவிட்டு, பிறகு சொந்தக்காரர் எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்வது ஒரு தொழிலாம். நான் ஆசைக்குப் படம் எடுப்பவன். அந்த வித்தியாசத்தை யாராவது மறந்துவிட்டால் உடனே நினைவுபடுத்துவேன்.

என்னோடு சேர்த்து நாலு பேர் சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடுவோம். ஒருவர் பல் வைத்தியர், இரண்டு பேர் வங்கி, நான் கணக்கு வாத்தியார். சந்தையில் கீரை விற்கும் கிழவியின் வெற்றிலை வாயைக் கிட்டப்போய் எடுப்போம். அவளுடைய பெயரை ஒருவரும் கேட்டதில்லை. படத்துக்கு மட்டும் "காலத்தின் ரேகைகள்" என்று பெயர் வைப்போம். ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து "ஆழமா இருக்கு" என்போம். என்ன ஆழம் என்று கேட்டால் இன்னொரு தேத்தண்ணிக்குச் சொல்வோம். முகத்தை நேராக எடுப்பது எங்களுக்குள் பெரிய கேவலம்.

அப்பா அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்தார். எனக்குச் சும்மா கிடைத்த விவசாயி. வெடித்த குதிக்கால், மண்வெட்டி பிடித்த விரல்கள், சூரியனுக்கு முன்னால் கறுத்துத் தெரியும் உருவம் என்று பத்து வருடமாக எடுத்தேன். ஒருநாள் வெளிச்சம் சரிந்து வரும்வரை அசையாமல் நிற்கச் சொன்னேன்.

"தண்ணி வரம்பை உடைக்குதடா, விடு!" என்று கத்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா."

நின்றார். இரண்டு பாத்தி வெள்ளத்தில் போனது. படம் நன்றாக வந்தது.

அம்மா மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பாவை ஒருக்கா நேரா வைச்சு எடுத்துவிடு தம்பி. கனடாவிலை அக்கா கேக்கிறாள்."

"உதெல்லாம் ஸ்டூடியோக்காரன்ரை வேலை அம்மா."

அப்பா சிரித்தார். "என்ரை முகத்தைக் கண்டால் உவன்ரை கமரா வெடிச்சுப் போகும்."

போன மாசியில், காலையில் தோட்டத்துக்குப் போகச் சேட்டு மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்து இறந்துபோனார். மத்தியானத்துக்குள் மரண அறிவித்தல் அச்சடித்துச் சந்திகளில் ஒட்ட வேண்டும். படமில்லாத அறிவித்தலை எங்கள் ஊரில் ஒருவரும் நின்று வாசிக்க மாட்டார்கள். யாரோ எவரோ என்று கடந்து போய்விடுவார்கள். அப்பா அப்படிப் போகக் கூடாது.

கணினியைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் இருந்தார் அப்பா. காது, கழுத்து, முதுகு, நிழல். முகம் தெரிந்த ஒன்றில் கண் மூடியிருந்தது, இன்னொன்றில் பாதி முகத்தை வேண்டுமென்றே இருட்டில் விட்டிருந்தேன். அந்தப் படத்துக்கு மற்ற மூன்று பேரும் கைதட்டியது நினைவிருக்கிறது. வெட்கம் கெட்டவன், அதைத்தான் அச்சகத்துக்கு அனுப்பினேன்.

அச்சகக்காரர் உடனே தொலைபேசியில் அழைத்தார். "சேர், இதிலை ஆர் எண்டே தெரியேல்லை. அடையாள அட்டைப் படம் எண்டாலும் தாங்கோ."

அடையாள அட்டையில் அப்பாவுக்கு முப்பது வயது. அதுவும் மங்கி, மூக்கு மட்டும் மிஞ்சியிருந்தது.

அழுதுகொண்டிருந்த அம்மா தன் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார். தீபாவளிக்கு அக்கா அனுப்பிய சேட்டைப் போட்டுக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், வாய் நிறையச் சிரித்தபடி அப்பா நின்றார். அக்காவுக்குக் காட்ட அம்மா எடுத்தது. ஓரத்தில் அம்மாவின் விரல் விழுந்திருந்தது. நான் பத்து வருடத்தில் எடுத்த எல்லாவற்றையும்விட நல்ல படம். விரலை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அறிவித்தலைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். பெரியப்பா என் தோளைப் பிடித்தார்.

"அவனை உயிரோடை கண்ட மாதிரிக் கிடக்கு. நீ எடுத்த படமே?"

"ஓம்" என்றேன்.

பக்கத்தில் இருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் சொன்னார்: "வேறை ஆர் எடுக்கிறது? அவன்தானே எடுக்கிறவன்."