எஞ்சினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

எத்தனையோ காதல்களைச் சாதி பிரித்திருக்கிறது, பணம் பிரித்திருக்கிறது. மலேசியாவில் ஜாசின் ஊர்ப் பெரியதம்பியின் காதலைப் பிரிக்க வந்தது ஒரு வெள்ளை பிக்கப் வண்டி.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லாரிகளுக்கு அடியில் படுத்தே வாலிபத்தைக் கழித்தவர் பெரியதம்பி. பிறகு ஜாசின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாக வொர்க்‌ஷாப் போட்டார். வண்டி பழுது பார்ப்பவரை அங்கே 'போர்மன்' என்பார்கள். போர்மனுக்கு முப்பத்தைந்து வயதாகியும் மணமாகவில்லை. உள்ளங்கை ரேகைகளில் கறுப்பெண்ணெய் ஊறிப்போனதால், எந்த ஜோசியராலும் அவருடைய எதிர்காலத்தைப் படிக்க முடியவில்லை.

பாச்சாங் ஊரில் காய்கறி வியாபாரம் செய்த ரங்கசாமியிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. அது அடிக்கடி நின்றுவிடும். பெரியதம்பி ஓடுவார். போனட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி ஓர் ஆள் உட்கார இடமிருக்கும். கீழே தரை தெரியும். அவர் வேலை செய்யும்போது ரங்கசாமியின் மகள் கோமளா தேநீர் கொண்டுவருவாள். மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வது அவள் தொழில். ரேடியேட்டர் ஒழுகியபோது அவள் ஒருமுறை பார்த்தாள். கிளட்ச் தேய்ந்தபோது சிரித்தாள். கேஸ்கெட் எரிந்த அன்று, "சீனி போதுமா?" என்றே கேட்டுவிட்டாள். அன்று வீடு திரும்பும் வழியில் பெரியதம்பி அழுதார்.

தொண்ணூற்றெட்டில் ரங்கசாமி புது வெள்ளை ஜப்பான் பிக்கப் வாங்கினார். மாதங்கள் ஓடின. அந்தப் பாழாய்ப்போன வண்டி கெடவே இல்லை! எண்ணெய் மாற்றக்கூட அதை விற்ற கம்பெனிக்கே போனது. அங்கே ஹரிதாஸ் என்ற இளைஞன், ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை எஞ்சினில் மாட்டி அதன் குறையைக் கேட்டறிந்தான்.

"இது ஒங்க கைக்கு ஆவாது, போர்மன். எல்லாம் கம்ப்யூட்டர்லா," என்றார் ரங்கசாமி. அதோடு விட்டாரா? "அந்த ஹரிதாஸ் நல்ல பையன். கோமளாவுக்குக் கேக்கலாம்னு இருக்கேன்."

பெரியதம்பியின் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. நெஞ்சும்தான்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் இருந்தது; ஆயுத பூஜை இல்லை. அதனால் பூஜையன்று ரங்கசாமி மகளோடு பிக்கப்பை ஜாசினுக்கே ஓட்டிவந்தார். பெரியதம்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாகச் சந்தனப் பொட்டு வைப்பார். போனட்டைத் திறந்தார். கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று முகத்திரை போல மறைத்தது. அதைக் கழற்றினால், உள்ளே விரல் நுழைய இடமில்லாமல் குழாய்களும் வயர்களும் பின்னிக் கிடந்தன. எது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றை விட்டு ஒன்றுக்கு வைத்தால் பாவம் என்று எல்லாவற்றுக்கும் வைத்தார். வயர் முனைகளைக்கூடக் கழற்றி, வாய்க்குள் ஒரு பொட்டு வைத்து, பத்திரமாக மாட்டினார்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ரங்கசாமி சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது, பிறகு அதுவும் இல்லை. எலுமிச்சை நசுங்காமல் பளபளத்தது.

போன் செய்ததும் ஹரிதாஸ் பெட்டியோடு வந்து மாட்டிப் பார்த்தான். "சென்சர்லருந்து சிக்னல் வரல, அங்கிள். வயர் செட்டையே மாத்தணும். கோலாலம்பூர்லருந்து வர ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா! நாளைக்கு பசாருக்கு காய்கறி ஏத்திக்கிட்டு மாட்டு வண்டியிலயா போறது?" ரங்கசாமி திரும்பினார். "போர்மன், வேணும்னே செஞ்சீங்களா?"

"சத்தியமா இல்ல, மாமா! பாரபட்சம் பாக்காம பொட்டு வெச்சேன், அவ்ளோதான்!"

அதுவரை 'அண்ணே' என்றே கூப்பிட்டுவந்த வாயிலிருந்து 'மாமா' வந்துவிட்டது. வொர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது.

கோமளா முகம் சிவந்து எஞ்சினுக்குள் குனிந்தாள். ஒரு வயர் முனையைக் கழற்றி முகர்ந்தாள். "எல்லாத்து வாயிலயும் ஈரச் சந்தனம்பா. கல்யாணப் பொண்ணுக்குக்கூட நான் இவ்ளோ பூச மாட்டேன்."

பிக்கப்பின் இருக்கையிலிருந்து தன் அலங்காரப் பெட்டியை எடுத்தாள். புருவத் தூரிகையால் துடைத்தாள். முடி உலர்த்தும் மெஷினால் காயவைத்தாள். "சும்மா நிக்காதீங்க. அந்த வயரப் புடிங்க."

பெரியதம்பி கையை விட்டார். பழைய எஞ்சினில் தாராளமாக இடமிருந்தது. இத்தனை காலமும் அந்த இடமே இருவரையும் தள்ளி நிற்க வைத்தது. இதில் இரண்டு கைகள் உரசாமல் ஒரு வயரைக்கூடத் தொட முடியாது. கடவுளே, இதை வடிவமைத்த அந்த ஜப்பான்காரர் நல்லா இருக்கட்டும்!

சாவி திரும்பியது. எஞ்சின் உறுமியது.

"அங்கிள், எனக்கு இங்க வேலையில்ல," என்று ஹரிதாஸ் பெட்டியை மூடினான்.

ரங்கசாமி, வேலை முடிந்தும் எஞ்சினுக்குள்ளிருந்து வெளியே வராத நான்கு கைகளையும் பார்த்தார். "இந்த வண்டியப் பாக்க ஒரு ஆளு பத்தாதுபோல. ரெண்டு பேருமே சேந்து பாத்துக்குங்க!"

போனட்டை மூடி வண்டியை நகர்த்தியதும் எலுமிச்சை நசுங்கியது. தை மாதம் கல்யாணம். தாலி கட்டி முடித்த பெரியதம்பி, விரலில் குங்குமத்தை எடுத்து மணப்பெண் பக்கம் திரும்பினார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த ரங்கசாமி பதறி எழுந்தார்.

"மாப்ள! ஒரே எடத்துல போதும்லா!"